உண்ட உணவும் வந்த நோயும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்ட பின்னர், பயனுள்ள பொருள் ஒன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைப் பணிப்பது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் உணவும் புற்றுநோயும். நாம் மதரஸாவில் ஓதியவர்களேயன்றி மருத்துவம் கற்றவர்கள் அல்லோம். எனினும் நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்வது நம் பணிகளுள் ஒன்று. அங்கே கட்டிலைச் சுற்றி நிற்போர் பேசும் பேச்சு நம்மைப் பல காலமாக உறுத்தி வருகிறது. "கறி இல்லாமல் இவருக்குச் சோறே இறங்காது, அதனால்தான் இப்படி ஆயிற்று" என்பார் ஒருவர். "எண்ணெய்ப் பலகாரத்தை விட்டிருந்தால் இந்த நோய் வந்திருக்காது" என்பார் மற்றொருவர். மூன்றாமவர், "சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், கட்டி தானே கரைந்துவிடும்" என்று மருந்தே சொல்லிவிடுவார். இவை அனைத்தும் நோயாளியின் காதில் விழும்படியே பேசப்படுகின்றன.

உணவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லையா? உண்டு. ஆனால் அத்தொடர்பு எவ்வளவு, அது எப்படிக் கண்டறியப்பட்டது, எதைச் சொல்ல அது இடம் தருகிறது, எதைச் சொல்ல இடம் தருவதில்லை என்பவற்றை அறியாமல் பேசுவது நோயுற்றவர் மீது பழி சுமத்துவதாகவே முடிகிறது. ஆகவே, இத்துறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த ஓர் அறிஞரின் ஆய்வுகளை, நம் மஹல்லாவின் மருத்துவ மாணவர் ஒருவரின் துணையோடு நாம் படித்தறிந்த அளவில், உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

அவர் பெயர் வால்டர் வில்லெட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1945ஆம் ஆண்டு பிறந்தவர். முதலில் உணவு அறிவியலும் பின்னர் மருத்துவமும் பயின்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பள்ளியின் ஊட்டச்சத்துத் துறைக்கு 1991 முதல் 2017 வரை தலைவராக இருந்தார். ஒரு பெருங்கூட்டத்தினர் பல்லாண்டுகள் எதை உண்டனர், அவர்களுள் யாருக்கு எந்நோய் வந்தது என்று கணக்கெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கலையே அவருடைய துறை. அத்துறைக்கென அவர் 1990ஆம் ஆண்டு எழுதிய நூலே இன்றும் பாடநூலாக ஓதப்படுகிறது.

இந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜப்பானியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிதாக இருந்தது. அமெரிக்கப் பெண்களுக்கோ மிகுதியாக இருந்தது. குலமும் குருதியுமே இதற்குக் காரணம் என்று கருதலாம் அல்லவா? ஆனால் ஹவாய்த் தீவுகளிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்களில், தலைமுறை மாற மாற, அந்நாட்டவர்க்குரிய அளவை நோக்கி நோய் உயர்ந்தது. குருதி மாறவில்லை, வாழும் முறை மாறியது. வாழும் முறையில் முதலாவதாகக் கண்ணில் படுவது உணவு. அதிலும், கொழுப்பை அதிகம் உண்ணும் நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் அதிகம் என்று 1970களில் வெளிவந்த ஒப்பீடுகள் காட்டின. உடனே கொழுப்பே குற்றவாளி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

1981ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்னும் இரு அறிஞர்கள், அமெரிக்காவில் நிகழும் புற்றுநோய் மரணங்களில் எத்தனை பங்கு எக்காரணத்தால் என்று மதிப்பிட்டனர். புகையிலைக்கு 30 விழுக்காடு என்றனர். உணவுக்கு 35 விழுக்காடு என்றனர். இந்த 35 என்னும் எண் உலகெங்கும் பரவி, "மூன்றில் ஒரு புற்றுநோய் உணவால் வருகிறது" என்று நம் ஊர்ச் செய்தித்தாள் வரை வந்து சேர்ந்தது. ஆனால் அவ்வறிஞர்கள் அதே பட்டியலில், இவ்வெண் 10 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம் என்று எழுதி வைத்ததை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பத்துக்கும் எழுபதுக்கும் இடையே எவ்வளவு தொலைவு! அறிந்தவர் தயங்கிச் சொன்னதை அறியாதவர் அடித்துச் சொல்வது எல்லாத் துறையிலும் உள்ள வழக்கமே.

இந்தத் தொலைவைக் குறைப்பதற்குத்தான் வில்லெட் முயன்றார். 1976ஆம் ஆண்டு ஃபிராங்க் ஸ்பைசர் என்னும் மருத்துவ ஆய்வாளர், அமெரிக்காவின் 11 மாநிலங்களைச் சேர்ந்த, 30 முதல் 55 வயது வரையிலான 1,21,700 செவிலியரைப் பதிவு செய்து ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். கருத்தடை மாத்திரைகளால் நெடுங்காலத்தில் என்ன விளையும் என்று அறிவதே அதன் முதல் நோக்கம். நோய்களின் பெயரைப் பிழையின்றிச் சொல்லக்கூடியவர்கள் என்பதால் செவிலியரைத் தேர்ந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அஞ்சலில் வினாத்தாள் செல்லும்; அவர்கள் நிரப்பி அனுப்புவர். இந்த ஆய்வில் 1980ஆம் ஆண்டு, 61 உணவுப் பொருள்களின் பெயர்களை அடுக்கி, "கடந்த ஓராண்டில் இதனை எத்தனை முறை உண்டீர்கள்?" என்று கேட்கும் வினாத்தாளை வில்லெட் சேர்த்தார்.

"போன வாரம் என்ன சாப்பிட்டோம் என்பதே நமக்கு நினைவில்லை, ஓராண்டுக் கணக்கை யார் சரியாகச் சொல்வார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவரையும் அப்படித்தான் கேட்டனர். அதற்காக அவர் பாஸ்டன் நகரைச் சுற்றியிருந்த 173 செவிலியரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். அவர்கள் ஓராண்டில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், உண்ணும் ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து எழுதினர். அந்தக் கணக்கையும் வினாத்தாளில் அவர்கள் சொன்னதையும் ஒப்பிட்டு, 1985ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். இரண்டும் முற்றிலும் ஒன்றாக இல்லை. ஆனால் அதிகம் உண்பவர் யார், குறைவாக உண்பவர் யார் என்று வகைப்படுத்தப் போதுமான அளவு ஒத்திருந்தன. வினாத்தாள் முறையைக் குறை கூறுவோர் இன்றும் உள்ளனர். அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு.

நினைவை மட்டும் நம்பாமல் வேறொன்றும் செய்தனர். மண்ணிலிருந்து தானியத்தின் வழியாக உடலில் சேரும் செலினியம் என்னும் தாதுவை எவ்வளவு உண்டோம் என்று யாராலும் சொல்ல இயலாது. ஆனால் கால் நகம் அதைச் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே 1980களின் தொடக்கத்தில், கால் நகத்தை வெட்டி அஞ்சலில் அனுப்புங்கள் என்று செவிலியரைக் கேட்டனர். 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் அனுப்பினர்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் செலினியம் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று அன்று பலர் நம்பியிருந்தபோது, அப்படி ஒரு பயனும் தெரியவில்லை என்று 1990ஆம் ஆண்டு சொல்ல முடிந்தது அந்த நகங்களால்தான்.

இனிக் கொழுப்பின் கதைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டு சனவரியில், 89,538 செவிலியரை நான்காண்டுகள் கவனித்த முடிவை வில்லெட் குழுவினர் வெளியிட்டனர். அவர்களுள் 601 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. கொழுப்பை மிகுதியாக உண்டவர்க்கு நோய் கூடியிருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. அறிஞர் உலகம் அதிர்ந்தது. "நான்காண்டுகள் போதா, அவர்களுள் குறைவாக உண்டவர்கூட உண்மையில் குறைவாக உண்ணவில்லை" என்று மறுத்தனர். அது முறையான மறுப்பே. ஆகவே அவர்கள் காத்திருந்தனர். 1999ஆம் ஆண்டு, 14 ஆண்டுகள் கவனித்த பின்னர், 2,956 பேருக்கு நோய் வந்த நிலையில் மீண்டும் பார்த்தனர். உண்ணும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொழுப்பிலிருந்து பெற்ற பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தும், அவர்களுக்கு நோய் குறையவில்லை.

இதற்கிடையே அமெரிக்க அரசின் பொருட்செலவில் வேறொரு பெருஞ்சோதனை நடைபெற்றது. மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பைக் குறைத்து, காய் கனிகளையும் தானியங்களையும் கூட்டி உண்ணச் செய்தனர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2006இல் முடிவு வந்தது. அப்பிரிவில் மார்பகப் புற்றுநோய் 9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கக்கூடிய அளவே என்றனர். இருபது ஆண்டுகளை நெருங்கும் வரை தொடர்ந்து கவனித்தபோது, அந்நோயால் இறந்தவர் அப்பிரிவில் குறைவு என்று 2020இல் அறிவித்தனர். அது கொழுப்பைக் குறைத்ததாலா, காய்கனிகளாலா, உடல் எடை சற்றுக் குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஐம்பது ஆண்டுகளாக, கோடிக்கணக்கான டாலர் செலவில், ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவுதான் விடை. நம் கட்டில் ஓரத்து அறிஞர்களோ அரை நிமிடத்தில் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்.

இங்கே, இந்த ஆய்வுகளில் எல்லாம் நம் உள்ளத்தை மிகவும் தொட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஹதீஸ் கலையை ஓதியவர்கள் அறிவர்: ஒரு செய்தியை ஏற்பதற்கு முன், அறிவிப்பாளரின் நேர்மையை மட்டும் பார்த்தால் போதாது, அவருடைய நினைவாற்றலையும் பார்க்க வேண்டும். நல்லவராகவும் உண்மையாளராகவும் இருந்தும், முதுமையிலோ துயரிலோ நினைவு தடுமாறியவர் உண்டு. அந்நிலைக்கு முன் அவர் அறிவித்தது, பின் அறிவித்தது என்று நம் முன்னோர்கள் பிரித்து எழுதி வைத்தனர். வில்லெட்டின் குழுவினரும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தனர். மார்பகப் புற்றுநோய் வந்த செவிலியரை, நோய் உறுதியான பின்னர், "நோய்க்கு முன் நீங்கள் என்ன உண்டு வந்தீர்கள்?" என்று நினைவுகூர்ந்து எழுதச் சொன்னார்கள். அதே பெண்கள் நோய் வருமுன் தாமே நிரப்பி அனுப்பிய வினாத்தாள் ஆய்வாளர் கையில் ஏற்கெனவே இருந்தது. நோயில்லாப் பெண்களிடமும் இவ்வாறே இருமுறை கேட்டனர். 1993ஆம் ஆண்டு இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டனர். முன்னர் எழுதிய தாளின்படி, கொழுப்புக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பின்னர் நினைவுகூர்ந்து எழுதிய தாளின்படியோ, கொழுப்பு குற்றவாளி போலத் தோன்றியது!

இதன் பொருள் என்ன? அப்பெண்கள் பொய் சொல்லவில்லை. "எனக்கு ஏன் இது வந்தது?" என்று இரவெல்லாம் எண்ணிய உள்ளம், தான் உண்டதை எல்லாம் திரும்பத் திரும்பத் தோண்டுகிறது. ஊரார் எதைக் குற்றம் என்கிறார்களோ அதையே அதிகம் உண்டதாக அதற்கு நினைவு வருகிறது. நோயுற்றவர் தம் மீது தாமே சாட்சி சொல்கிறார். அந்தச் சாட்சியம் பிழையானது. கொழுப்பைப் பற்றி அதற்கு முன் வெளிவந்த பல ஆய்வுகள், நோய் வந்தபின் கேட்டு எழுதியவையே என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் மஹல்லாவில் ஒரு தாயார், சிகிச்சைக்கு இடையில் வீட்டிற்கு வந்திருந்தபோது, நம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் செவியில் இருக்கிறது. "ஹஜ்ரத், நான் வடித்த சோறும் தாளித்த குழம்பும்தான் என்னை இப்படி ஆக்கியது என்கிறார்கள். என் பிள்ளைகளும் அதைத்தானே தின்று வளர்ந்தார்கள்? அவர்களுக்கும் வருமா?" என்றார். வலி அவர் முகத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய சுமையை ஏற்றி வைத்தவர்கள், பழங்கள் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்த உறவினர்கள். அவர் சமைத்த அதே சோற்றை உண்ட தெரு முழுவதும் நலமாக இருக்கிறதே என்று அவர்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு வேறு. தனியொருவரைப் பற்றிய தீர்ப்பு வேறு. இலட்சம் பேரில் இன்னதை உண்டவர்க்கு நோய் இவ்வளவு கூடுதல் என்று ஆய்வாளர் சொல்லலாம். அந்த இலட்சத்தில் இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று வில்லெட்டே சொல்ல மாட்டார். நன்றாக உண்டு, நன்றாக உழைத்து, ஒரு தீய பழக்கமும் இல்லாதவர்க்கும் இந்நோய் வருகிறது. உயிரணுக்கள் பிரியும்போது நேரும் தற்செயலான பிழையும், வயதும், பிறப்பிலே வந்த மரபும் அதில் பங்கு கொள்கின்றன.

மாத்திரை விற்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்களையும் கனிகளையும் நிறைய உண்பவர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கூறின. காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின்தான் காக்கிறது என்று கருதி, அதை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. மாத்திரை உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம்! அமெரிக்காவில் புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளருமாக 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் கொடுத்து நடந்த சோதனையில் 28 விழுக்காடு அதிகம். 1996 சனவரியில் அதைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தினர். வைட்டமின் ஈ-யும் செலினியமும் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று 35,533 பேரிடம் 2001இல் தொடங்கிய சோதனையும் 2008இல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ உண்ட பிரிவில் அந்நோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011இல் அறிவித்தனர். காரட்டை உண்பது வேறு; காரட்டின் ஒரு சத்தை மட்டும் பிழிந்தெடுத்து, இயற்கையில் எவரும் உண்ணாத அளவில் விழுங்குவது வேறு. மேலும், கீரையும் கனியும் நிறைய உண்பவர் பெரும்பாலும் புகைபிடிக்காதவராகவும் நடப்பவராகவும் இருப்பர். எது காத்தது என்று யார் கண்டார்? வீட்டு வாசலுக்கு வந்து ஆயிரக்கணக்கில் விலை சொல்லி, புற்றுநோய் வராமல் காக்கும் என்று சத்துப் பொடி விற்போரிடம் இந்தப் பின்லாந்துக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இறைச்சியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். செவிலியர் ஆய்வில் 88,751 பெண்களை ஆறாண்டுகள் கவனித்து 1990இல் வெளியிட்டதில், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் முதன்மை உணவாக உண்டவர்க்கு, மாதம் ஒருமுறைக்கும் குறைவாக உண்டவரைவிடப் பெருங்குடல் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. ஆனால் நோயுற்றவர் மொத்தம் 150 பேரே. பின்னர் பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தபோது அந்த வேறுபாடு மிகவும் சுருங்கியது, மறைந்துவிடவில்லை. 2015 அக்டோபரில், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் 10 நாடுகளின் 22 வல்லுநர்கள் கூடி, 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தனர். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று முதல் பிரிவிலும், சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கும் என்று அடுத்த பிரிவிலும் வைத்தனர்.

முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது. உடனே, "சாசேஜ் உண்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்று" என்று தலைப்பிட்டன செய்தித்தாள்கள். அப்படி அன்று. அப்பிரிவு, சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுவதேயன்றி, கேடு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டுவதன்று. வாளும் கொல்லும், முள்ளும் குத்தும். இரண்டும் காயப்படுத்தும் என்பது உறுதி, அவ்வளவே. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவர்க்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றனர். 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வரும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்த 100 பேரும் நாள்தோறும் அவ்வாறு உண்டால் 5 என்பது ஏறத்தாழ 6 ஆகும். 18 பேர் அல்லர், கூடுதலாக ஒருவர். அந்த ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாம் என்பதால் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. 18 என்னும் எண்ணைக் கேட்டு நடுங்கவும் வேண்டியதில்லை.

பதப்படுத்தியது என்றால் உப்பிட்டோ புகையூட்டியோ வேறு வகையிலோ கெடாமல் வைத்தது என்பதே அவர்களின் விளக்கம். அதன்படி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் நம் வீட்டுக் கொடிகளில் காயும் உப்புக்கண்டமும் அதில் அடங்கும். தாய்மார்கள் திடுக்கிட வேண்டாம். மேலே சொன்ன கணக்கு ஆண்டு முழுவதும் நாள்தோறும் உண்பவரைப் பற்றியது. ஆண்டில் சில நாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைப் பற்றியதன்று. நம்மைக் கேட்டால், உப்புக்கண்டத்தைவிட, வாரம் நான்கு வலீமாவில் மாறி மாறிப் பிரியாணி உண்டுவிட்டு ஒரு கீரை கூடக் கண்ணில் காணாத ஆண்பிள்ளைகளைப் பற்றியே கவலைப்பட வேண்டும்.

நார்ச்சத்தில் ஆய்வுகள் தம்முள் முரண்பட்டன. அது பெருங்குடல் புற்றுநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 1999இல் செவிலியர் ஆய்வு கூறியது. தடுக்கிறது என்று 2003இல், பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கவனித்த ஆய்வு கூறியது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018இல் எல்லாவற்றையும் எடைபோட்டு, அநேகமாகத் தடுக்கும் என்று முடிவு செய்தது. மதுவைப் பற்றியோ முரண்பாடு இல்லை. நாள்தோறும் 15 கிராம் அல்லது அதற்கு மேல் சாராயச் சத்துள்ள மதுவைக் குடித்த செவிலியர்க்கு, குடிக்காதவரைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 60 விழுக்காடு அதிகம் என்று 1987இலேயே கண்டனர். இச்சபையில் அதைப் பற்றி நாம் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் பீடி, சிகரெட் பற்றி நீட்டலாம். வாயில் அடக்கும் வெற்றிலை பாக்கைப் பற்றியும் நீட்டலாம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று மேற்சொன்ன முகமை 2004இல் உறுதியாக அறிவித்திருக்கிறது. அடுத்தவர் தட்டில் உள்ள கறியை எண்ணுபவர் தம் வாயில் உள்ள பாக்கை எண்ணுவதில்லை.

கொழுப்பு குற்றவாளி அன்று என்றோமே, அதில் ஒரு திருத்தம் உண்டு. தட்டில் உள்ள கொழுப்பு அன்று. உடலில் சேரும் கொழுப்பு குற்றவாளிதான். 18 வயதுக்குப் பின் 25 கிலோவோ அதற்கு மேலோ எடை கூடிய பெண்களுக்கு, எடை கூடாதவரைவிட, மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 45 விழுக்காடு அதிகம் என்று இதே செவிலியர் ஆய்வு 2006இல் கண்டது. மாதவிடாய் நின்ற பின், பெண்மைக்குரிய ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. அந்தத் திசு எண்ணெயால் மட்டும் சேர்வதில்லை. வெள்ளைச் சோற்றாலும் சர்க்கரைத் தேநீராலும், வீட்டை விட்டு வெளியே நடக்க வழியில்லாத வாழ்க்கையாலும் சேரும். பெண்கள் மாலையில் அச்சமின்றி நடந்துவரப் பள்ளிவாசல் மைதானத்தை ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா என்பதை நிர்வாகிகள் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

ஒன்றை மறக்கலாகாது. அந்தச் செவிலியருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கல்வியும் ஊதியமும் உள்ளவர்கள். அமெரிக்க உணவை உண்டவர்கள். அவர்கள் தட்டில் கண்டதை நம் தட்டுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

இறுதியாக, மிகவும் முக்கியமானது. இதுவரை நாம் கூறிய ஆய்வுகள் யாவும், நோயில்லாதவர்க்கு நோய் வரும் வாய்ப்பைப் பற்றியவை. வந்த நோயை உணவு குணமாக்குமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. நாம் கூறியவற்றுள் ஒன்றுகூட, இன்னதை உண்டால் அல்லது நிறுத்தினால் கட்டி கரையும் என்று சொல்லவில்லை. மாறாக, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. குணமாகக்கூடிய நிலையில் நோய் கண்டும், மருத்துவர் தரும் சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளை மட்டும் நாடிய 281 பேரை, சிகிச்சை பெற்றவரோடு ஒப்பிட்டனர். மாற்று வழி சென்றோர் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். பத்தியம் இருந்து பார்க்கிறோம் என்று ஆறு மாதத்தை இழந்த பின் மருத்துவமனைக்குச் செல்வோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். சிகிச்சையின்போது உடல் மெலிந்து, வாய் புண்ணாகி, எதுவும் இறங்காத நிலையில் இருப்பவரிடமிருந்து முட்டையையும் பாலையும் கறிச் சாற்றையும் பறிப்பது எவ்வகை அன்பு? அவர் என்ன உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். மருந்துச் செலவுக்கு வழியில்லை என்பதால் தயங்குபவர், கூச்சப்படாமல் நம்மிடமோ செயலாளரிடமோ சொல்லலாம். பெயர் வெளியே வராது. பைத்துல்மால் கணக்கில் இதற்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது சற்று முன் வாசித்த அறிக்கையிலும் இருக்கிறது.

செவிலியர் ஆய்வு இன்னும் நடைபெறுகிறது. 1989இல் 25 முதல் 42 வயதுக்குட்பட்ட 1,16,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு வில்லெட் இரண்டாம் ஆய்வைத் தொடங்கினார். 2010இல் மூன்றாவது தொடங்கிற்று. 1976இல் சேர்ந்தவர்களுள் மிக இளையவர்கூட இன்று எண்பதைத் தொட்டோ நெருங்கியோ இருப்பவர். இறந்தவர் பலர், அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் எழுதப்படுகிறது. இருப்பவர்களுக்கு வினாத்தாள் இன்றும் செல்கிறது. அவர்கள் நிரப்பி அனுப்புகிறார்கள்.